கூட்டிலிருந்து கூடத்துக்கு வந்த முயல்

கேள்வி: நாங்கள் மாத்தளை மாவட்டத்தில் ரத்தோட்டைப் பக்கம் இருக்கிறோம். பக்கத்து வீட்டார் கொழும்புக்குக் குடிபோகும்போது தங்கள் வெள்ளை முயலை எங்களிடம் விட்டுப் போனார்கள். பெட்டை என்றார்கள், வயது ஒன்றரை. இத்தனை நாளும் பலா மரத்தடியில் ஒரு கம்பிக் கூட்டில் இருந்ததாம். என் ஒன்பது வயது மகள் அழுது அடம்பிடித்து அதை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டாள். பாணும் கரட்டும் கோவா இலையும் கொடுக்கிறோம். வந்து இரண்டு கிழமைதான், அதற்குள் போன் சார்ஜர் வயரைக் கடித்துத் துண்டாக்கிவிட்டது. ஒரு நாள் சிறுநீர் செங்காவி நிறத்தில் போனது, இரத்தமோ என்று பயந்துபோனோம். எல்லாவற்றையும்விட, விடியற்காலையில் தன் புழுக்கையைத் தானே தின்கிறது. மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "திரும்பக் கூட்டிலேயே கொண்டுபோய் விடு" என்கிறார். அவருக்கு இழுப்பு வேறு உண்டு. மகளோ துணைக்கு இன்னொன்று வேண்டும் என்கிறாள். நாங்கள் என்ன செய்வது?

பதில்: உள்ளேயே இருக்கட்டும், அம்மா. நீங்கள் கேட்ட மற்ற எல்லாவற்றுக்கும் பதில் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

முயல் எல்லாவற்றுக்கும் இரை. நாய், கீரி, மரநாய், பாம்பு, பருந்து என்று எதைக் கண்டாலும் ஓட வேண்டிய பிறவி. சோர்ந்திருப்பதாகக் காட்டிக்கொள்ளும் முயல்தான் முதலில் அகப்படும். அதனால் வயிறு நொந்தாலும் முனகாது, கத்தாது; ஒரு மூலையில் காலை மடக்கி உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். என்னிடம் வரும் முயல்களில் பெரும்பாலானவை ஒரே பேச்சோடுதான் வருகின்றன: "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்திச்சு டொக்டர்." அவர்கள் பொய் சொல்வதில்லை. காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் கொல்லைப்புறக் கூட்டில் இலையைப் போட்டுவிட்டு வருபவருக்கு அதற்குமேல் தெரிய வழியில்லை. நீங்கள் தேங்காய் திருவும் இடத்துக்கும் மகள் பாடம் படிக்கும் இடத்துக்கும் நடுவே திரியும் முயல் இன்று புல்லைத் தொடவில்லை என்றால், அரை நாளிலேயே யாராவது ஒருவர் கவனித்துவிடுவீர்கள். முயலுக்கு அந்த அரை நாள்தான் உயிர்.

முயலை இப்படி வீட்டுக்குள் விட்டு வளர்ப்பது வெளிநாட்டிலும் அவ்வளவு பழைய பழக்கமில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மரினெல் ஹாரிமன் என்ற பெண்மணி, வீட்டு முயலோடு வாழ்வது எப்படி என்று 1985இல் ஒரு கைந்நூல் எழுதினார். 1988இல் அங்கே 'ஹவுஸ் ரெபிட் சொசைட்டி' என்ற சங்கம் தொடங்கியது. கைவிடப்பட்ட முயல்களை மீட்டு, வளர்க்க மனமுள்ள வீடுகளில் சேர்ப்பது அதன் வேலை. உங்கள் மகள் எந்தப் புத்தகமும் படிக்காமல் அதையே செய்திருக்கிறாள்.

இனி மாமியார் அருவருத்த விஷயம். முயல் இரண்டு விதமாகக் கழிக்கும். ஒன்று, நீங்கள் கூட்டிப் பெருக்கும் காய்ந்த உருண்டை, கடலைப் பருமனில் இருப்பது. அதை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து நசுக்கிப் பாருங்கள்: புல் தும்பு தும்பாக உதிரும், நாற்றம் இருக்காது. மற்றது, சின்னத் திராட்சைக் குலைபோல ஒன்றோடொன்று ஒட்டி, பளபளவென்று மெல்லிய சவ்வு மூடி, மிருதுவாக வரும். அதைத் தரையில் விழவே விடாது. குனிந்து நேரே வாயில் வாங்கி, மெல்லாமல் விழுங்கிவிடும். மாட்டுக்குப் புல்லைப் புளிக்கவைக்க நாலு அறையுள்ள வயிறு முன்னாலேயே இருக்கிறது. முயலுக்கு அந்த வேலை நடப்பது சிறுகுடலுக்கும் அப்பால், பெருங்குடல் தொடங்கும் இடத்தில் உள்ள பெரிய பையில். அங்கே நுண்ணுயிர்கள் செய்து வைக்கும் புரதமும் பி வகை விற்றமின்களும் உடம்பில் ஊற வேண்டுமானால், இன்னொரு தரம் வயிற்றுக்குள் போய்த்தான் ஆக வேண்டும். மாடு அசைபோடுவதற்கு ஒப்பான காரியம்தான் இது. மாமியாரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள், மாடு வளர்த்த வீட்டுப் பெண் என்றால் உடனே புரிந்துகொள்வார்.

தின்றால் கவலையில்லை, தின்னாமல் விட்டால்தான் பார்க்க வேண்டும். அந்த மிருதுவான வகை பாயிலும் பின்புறத்திலும் அப்பிக் கிடந்தால் பாணோ பழமோ கூடிவிட்டது என்று பொருள்.

செங்காவிச் சிறுநீர் பெரும்பாலும் இரத்தமாக இராது. தின்ற இலையிலுள்ள நிறமிகளால் மஞ்சள், செம்மஞ்சள், செம்மண் என்று நிறம் மாறும், ஓரிரு நாளில் தெளியும். சுண்ணாம்புத் தண்ணீர்போல வெண்மையாகப் போவதும் உண்டு, மேலதிகக் கல்சியத்தை முயல் அப்படித்தான் கழிக்கிறது. ஆனால் நிறம் ஒரே சீராக இல்லாமல் திட்டுத்திட்டாக இரத்தம் தெரிந்தாலோ, முக்கி முக்கிப் பெய்தாலோ காத்திருக்க வேண்டாம். பெட்டை முயலில் அது கருப்பை நோயாக இருக்கலாம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சாப்பாட்டைத்தான் நீங்கள் அடியோடு மாற்ற வேண்டும். முயல் என்றால் கரட் என்று சித்திரக் கதைகள் நம் மனதில் எழுதி வைத்துவிட்டன. எத்தனை தரம் சொன்னாலும், தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பதுபோல, கரட்டைத்தான் வாங்கி வருகிறார்கள். கரட் அதற்கு இனிப்புப் பண்டம், விரல்நுனி அளவுத் துண்டு போதும். பாண், பிஸ்கட், சோறு, கோழித் தீன் எதுவும் வேண்டாம். மாப்பொருள் போய்ச் சேர்ந்தால் முன்பு சொன்ன குடற்பையிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் குலைந்து, காற்று நிறைந்து, குடல் நின்றுபோகும். கோவா இலையும் சில முயல்களுக்குக் காற்றுப் பிடிக்கும், ஆகவே கொஞ்சமாக. பாணை ஒரே நாளில் நிறுத்தலாம். புதிய இலைகளைத்தான் ஒவ்வொன்றாக, நாலைந்து நாள் இடைவெளி விட்டுச் சேர்க்க வேண்டும்.

அதன் உணவு புல். நூறில் எண்பது பங்கு புல்லாகவே இருக்கட்டும். முயலின் பற்கள் சாகும் வரைக்கும் வளர்கின்றன, முன்பல் கிழமைக்கு இரண்டு மூன்று மில்லிமீற்றர் வளரும். பல்லைத் தேய்ப்பது புல்லை மணிக்கணக்காக அரைக்கும் வேலைதான். தேயாத கடைவாய்ப்பல் ஊசிபோல நீண்டு நாக்கையும் கன்னத்தையும் குத்தும். பசியோடு தட்டின் பக்கம் போய், முகர்ந்துவிட்டு, தின்னாமல் திரும்பும் முயலைப் பார்த்தால் எனக்கு முதலில் அந்த எண்ணம்தான் வரும்.

கடைகளில் கிடைக்கும் இறக்குமதி உலர்புல்லுக்குக் காசைக் கொட்ட வேண்டியதில்லை. மாத்தளையில் வீதியோரமெல்லாம் கினிப் புல் ஆளுயரத்துக்கு நிற்கிறது. மாடு வைத்திருப்பவர்களிடம் சீ.ஓ.3 புல்லும் இருக்கும். பூ வருவதற்கு முன்னால் அறுத்து, வாகனப் புகை படாத, களைக்கொல்லி அடிக்காத இடத்துப் புல்லா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, கழுவி வடியவிட்டுப் பச்சையாகவே கொடுக்கலாம். வெயில் நாளில் கூடுதலாக அறுத்து, இரண்டு மூன்று நாள் பரப்பிப் புரட்டிக் காயவையுங்கள். பச்சை மணம் போகாமல், மடித்தால் முறிகிற பதத்தில் எடுத்துச் சாக்கில் போட்டு, தரையில் படாமல் பலகைமேல் வையுங்கள். ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் நம் பக்கம் அடிக்கும் மழையில் சாக்குக்குள் பூஞ்சணம் பிடிக்கும். கையை உள்ளே விட்டுச் சூடோ, புழுங்கல் வாடையோ தெரிந்தால் மொத்தத்தையும் உரக்குழியில் கொட்டிவிடுங்கள். நல்ல பாதியைப் பிரித்து எடுக்கலாம் என்று பார்க்காதீர்கள்.

புல்லோடு தினமும் ஒரு கைப்பிடி இலை: வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன், கொத்தமல்லி, வத்தாளை இலை, செவ்வரத்தை இலையும் பூவும், மாற்றி மாற்றி. முருங்கையிலையில் கல்சியம் அதிகம், எப்போதாவது ஒரு ஈர்க்கு. கடித்து விளையாடக் கொய்யாக் கிளை. தண்ணீரைப் பாரமான மண் சட்டியில் வையுங்கள், போத்தல் குழாயில் நக்குவதைவிடச் சட்டியில் நன்றாகக் குடிக்கும்.

நம் ஊர்த் தோட்டத்திலேயே ஆபத்தும் வளர்கிறது. மாத்தளையில் மிளகுக் கொடியை ஏற்றுவதற்கும் வேலிக்கும் கிளிசிரிடியா நடாத வளவு குறைவு. ஆடும் மாடும் அதை விரும்பித் தின்பதைப் பார்த்துவிட்டு முயலுக்கும் ஒடித்துப் போடுகிறார்கள். அந்த மரத்தின் இலத்தீன் பெயருக்கே எலிகொல்லி என்றுதான் அர்த்தம். மத்திய அமெரிக்காவில் அதன் பட்டையையும் விதையையும் எலிக்கு நஞ்சாக வைத்தார்கள். ஆட்டின் வயிறு தாங்குவதை முயலின் வயிறு தாங்கும் என்று நம்பக்கூடாது. ஆனைக்கொய்யா இலையும் பழமும், கொக்கோக் காயின் கோது, மரவள்ளி இலை, தக்காளி, உருளைக்கிழங்குச் செடிகளின் இலை, நாயுண்ணிப் புதர், வெங்காயம், பூண்டு எல்லாமே தள்ளி வைக்க வேண்டியவை. மகளைக் கூட்டிக்கொண்டு வளவைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகக் காட்டிவிடுங்கள். பிள்ளைகள் இதைப் பெரியவர்களைவிட நன்றாக நினைவில் வைத்திருப்பார்கள்.

அடுத்த ஆபத்து வெயில். அதைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு ஒரு சம்பவம் நினைவுக்கு வராமல் இருக்காது. சித்திரைப் புதுவருஷத்துக்கு இரண்டு நாள் முந்தி, தம்புள்ளைப் பக்கமிருந்து ஒருவர் பஸ்ஸில் ஒரு முயலைக் கொண்டுவந்தார். சவர்க்காரம் வந்த அட்டைப் பெட்டி, அதில் நாலு சின்னத் துளை. தூசு படாதிருக்கட்டும் என்று மேலே ஒரு துவாயும் போர்த்தியிருந்தார். திறந்தபோது மூக்கும் தாடையும் நனைந்து, வாய் திறந்து மூச்சு வாங்கியது. காது நெருப்பாகக் கொதித்தது. ஈரக் கையால் காதைத் தடவித் தடவிப் பார்த்தோம். பிழைக்கவில்லை. அவர் அந்த வெறும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் வாசல் வாங்கில் இருந்தார். அத்தனை அக்கறையோடு கொண்டுவந்த மனிதர்.

வளர்ப்பு முயல்களின் மூதாதை ஸ்பெயின், போர்த்துக்கல் பக்கத்துக் காட்டு முயல். வெயில் ஏறினால் அது மண்ணுக்குள் தோண்டிய வளையில் போய்ப் படுத்துக்கொள்ளும். முயலுக்கு வியர்க்காது, உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியேற்றும். முப்பது பாகையைத் தாண்டும் மார்ச், ஏப்ரல் மதியத்தில், தகரக் கூரைக்குக் கீழே கம்பிக் கூட்டில் அடைபட்டால் அதற்குப் போக்கிடம் இல்லை. வீட்டில் ஆகக் குளிர்ந்த சீமெந்துத் தரை எதுவோ அதை அதற்கு விடுங்கள். போத்தலில் தண்ணீரை உறையவைத்து, துணி சுற்றிப் பக்கத்தில் வைத்தால் தானாகவே வந்து சாய்ந்துகொள்ளும். சூடு பிடித்துவிட்டால் காதை ஈரமாக்கி, காற்றோட்டத்தில் வைத்து, உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஐஸ் தண்ணீரில் முக்குவது அதிர்ச்சியிலேயே கொன்றுவிடும். மற்ற நாளிலும் குளிப்பாட்ட வேண்டாம், அது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும்.

வயரைக் கடித்ததற்கு அடிக்காதீர்கள். மண்ணுக்குள் குறுக்கே வரும் வேரை வெட்டித் தள்ளுவது அதன் பரம்பரைக் குணம், அதன் கண்ணுக்கு வயரும் ஒரு வேர்தான். தரையோடு போகும் வயர்களைப் பிளந்த பீ.வீ.சி குழாய்க்குள் நுழைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மேசை உயரத்துக்கு ஏற்றுங்கள். சிறுநீருக்கு வழி இன்னும் சுலபம். முயல் தானே ஒரு மூலையைத் தேர்ந்துகொள்ளும். அந்த மூலையில் அகலமான பிளாஸ்டிக் பேசினை வைத்து, அடியில் பத்திரிகைத் தாள், அதன்மேல் வைக்கோல், ஒரு பக்கத்தில் தின்னும் புல். தின்றுகொண்டே கழிப்பது அதன் வழக்கம், ஆகவே புல் இருக்கும் இடத்துக்கு வந்தே தீரும். மரக்காலைத் தூள் போடாதீர்கள், மூக்கில் ஏறும். பேசினில் வெள்ளையாகப் படியும் உப்பை வினாகிரி ஊற்றி ஊறவைத்தால் கழன்றுவிடும். புழுக்கையை மிளகுக் கொடிக்கும் மிளகாய்க் கன்றுக்கும் அப்படியே போடலாம், மாட்டுச் சாணம்போல மக்கவைக்கத் தேவையில்லை. படுக்க ஒரு பன் பாய் கொடுங்கள். நாய், பூனைக்குப் பாதத்தில் உள்ள மெத்தை முயலுக்கு இல்லை. கம்பித் தரையில் இருந்து வந்த உங்கள் முயலின் பின்னங்கால் குதியைத் திருப்பிப் பாருங்கள், மயிர் உதிர்ந்து சிவந்திருக்கலாம்.

மாமியாரின் இழுப்பை லேசாக எடுக்க வேண்டாம். முயலின் மயிரும் எச்சிலும் சிலருக்கு ஒவ்வாது, காய்ந்த புல்லின் தூசு இன்னும் பலருக்கு ஒவ்வாது. அவர் படுக்கும் அறைக்குள் முயலை விடாதீர்கள், புல்லை வெளியே உதறி இலேசாகத் தண்ணீர் தெளித்துக் கொண்டுவாருங்கள், பேசினை அவர் தொட வேண்டாம். அப்படியும் இரவில் மூச்சு இழுத்தால், அவருடைய மருத்துவரின் சொல்தான் முடிவு. அந்த நிலை வந்தால் பின் விறாந்தையை வலை அடித்து மறைத்து, நிழலாக்கிக் கொடுங்கள். பலா மரத்தடிக்குத் திரும்பப் போக வேண்டியதில்லை.

துணை வேண்டும் என்று மகள் சொல்வது நியாயமானதுதான், முயல் கூட்டமாக வாழும் பிராணி. ஆனால் இப்போதே வேண்டாம். முதலில் உங்களுடையது பெட்டைதானா என்று ஒரு மருத்துவர் பார்க்கட்டும். ஆணா பெட்டையா என்று சந்தையில் விற்பவர் சொல்வதை நம்பி, "இரண்டும் பெட்டை" என்று வாங்கி, ஒரே மாதத்தில் ஆறேழு குட்டியோடு என்னிடம் வந்தவர்கள் உண்டு. சினைக்காலம் முப்பத்தோரு நாள் அளவுதான். குட்டி போட்ட அன்றே மறுபடி சினைப்படவும் முடியும்.

பெட்டை என்று உறுதியானால் கருப்பையை எடுத்துவிடுவது நல்லது. நாலு வயதைத் தாண்டிய, கருப்பை எடுக்காத பெட்டை முயல்களில் கருப்பைப் புற்று மிகச் சாதாரணம். வீட்டு முயல் எட்டு முதல் பன்னிரண்டு வருடம் வாழக்கூடியது, நாலு வயதில் பறிகொடுக்க வேண்டியதில்லை. பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலையில் கேட்டுப் பாருங்கள். எங்கே போனாலும் முதலில் கேட்க வேண்டியது, "முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழக்கம் உண்டா?" என்பதுதான். யாராவது முதல் நாள் இரவு பட்டினி போடச் சொன்னால், ஏன் என்று மரியாதையாகக் கேளுங்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது, ஆகவே நாய் பூனைக்குச் சொல்லும் பட்டினி அதற்குத் தேவையில்லை. குடல் ஓடிக்கொண்டிருப்பதுதான் முக்கியம். அறுவைக் காயம் ஆறிய பிறகு, மலடாக்கிய ஆண் ஒன்றை, இரண்டுக்கும் பழக்கமில்லாத ஒரு அறையில், கிழமைக்கணக்கில் மெதுவாகப் பழக்கலாம்.

மகளுக்குச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. முயலின் எலும்பு இலேசு, பின்னங்கால் தசை வலுவானது. பிடி நழுவி உதைத்தால் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும். தரையில் உட்காரட்டும், அது தானாக வந்து ஏறட்டும். மல்லாக்கப் படுக்கவைத்தால் அசையாமல் கிடப்பதைத் தூக்கம் என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். அது பயத்தில் உறைந்த நிலை. மாறாக, ஓடிவந்து திடீரென்று பக்கவாட்டில் தொப்பென்று விழுந்து காலை நீட்டிக் கிடந்தால், பதறிப்போய் எழுப்பாதீர்கள். உங்கள் வீட்டை அது நம்பத் தொடங்கிவிட்டது.

நம் தேயிலை மலையிலும் புல்மலையிலும் ஓடுகிற காட்டு முயல் வேறு இனம் என்பதையும் சொல்லிவையுங்கள். பிடரி கறுத்திருக்கும், வளை தோண்டாது. வீட்டு முயலின் குட்டி மயிரின்றிக் கண் மூடிப் பிறக்கும், காட்டு முயல் குட்டி மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். கொழுந்து பறிக்கப் போன இடத்தில் தனியாகக் கிடந்தது என்று அதைத் தூக்கி வருகிறார்கள். தாய் விட்டுப் போகவில்லை, இருட்டிய பிறகு பால் கொடுக்க வரும். எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும்.

வருத்தத்தோடு சொல்ல வேண்டியது மருந்தைப் பற்றி. பிள்ளைக்கு வாங்கிய அமொக்ஸிசிலின் சிரப்பை முயலுக்கு ஊற்றிவிட்டு வருகிறார்கள். வாய்வழி கொடுக்கும் பெனிசிலின் வகை மருந்து அதன் குடல் நுண்ணுயிர்களைக் குலைத்துக் கொன்றுவிடும். நாய்க்கு உண்ணி போக்கப் போடும் பிப்ரோனில் மருந்தும் முயலுக்கு நஞ்சு. மூக்கிலும் காது விளிம்பிலும் சொறி படிந்தால் பழைய என்ஜின் ஒயிலைப் பூசாதீர்கள், நக்கி உள்ளே போகும். மருத்துவர் ஊசி போட்டால் ஆறிவிடும். மழைக்காலத்தில் பின்புறம் ஈரமாக இருந்தால் ஈ முட்டையிடும், ஒரே நாளில் புழு வைத்துவிடும். காலை மாலை இரண்டு நேரமும் வாலைத் தூக்கிப் பாருங்கள்.

பன்னிரண்டு மணி நேரம் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால், அல்லது கூனிக் குறுகிப் பல்லை நறநறவென்று கடித்தால், மறுநாள் பார்க்கலாம் என்று படுக்காதீர்கள். மாத்தளையிலிருந்து பேராதனை முப்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட, இரவில் கவனித்தாலும் விடியற்காலையிலேயே புறப்பட்டால் வெயிலுக்கு முன் போய்ச் சேரலாம். காற்றுப் போகும் கூடையில், அதற்குப் பழகிய பாயின் ஒரு துண்டை விரித்து, வழியில் கொறிக்கப் புல்லும் வைத்துக் கொண்டுபோங்கள்.

அந்த நாள் வருவதற்கு முன்பே மகளிடம் ஒரு கொப்பி கொடுத்துவையுங்கள். பள்ளிக்கூடம் போகுமுன் பேசினைப் பார்த்து, புழுக்கை நேற்றுப் போலவா, சின்னதா, குறைவா, மயிரில் கோத்துச் சங்கிலிபோல வந்திருக்கிறதா, புல் எவ்வளவு மிச்சம் என்று ஒரு வரி எழுதட்டும். மருத்துவரிடம் போகும்போது அந்தக் கொப்பியையும், கடைசியாகப் போட்ட புழுக்கையை ஒரு சின்னப் பையில் கட்டியும் எடுத்துப் போங்கள்.